கட்டட அனுமதியை எதிர்த்து ஐகோர்ட்டுக்குப் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளாட்சி கொடுத்த கட்டட அனுமதி, மறுத்த கட்டட அனுமதி, கண்டும் காணாமல் விட்ட கட்டடம். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றோடுதான் என்னிடம் ஆட்கள் வருகிறார்கள். கேட்கும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றே. பாதிப் பேர் மூன்றாம் தளம் எழும்பிய பிறகு வருகிறார்கள்; மீதிப் பேர் கையில் ஒரு காகிதம்கூட இல்லாமல் வருகிறார்கள். நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் இந்த இரண்டு காரணங்களால் தோற்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு நிலவரம். உங்கள் கோப்பைப் படித்துப் பார்த்த வழக்கறிஞரின் ஆலோசனைக்கு இது மாற்று அல்ல.

1. நகராட்சி ஒரு பிளானுக்கு அனுமதி கொடுத்ததை ஐகோர்ட்டில் கேள்வி கேட்க முடியுமா?

முடியும். அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவு அந்த அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கிராம ஊராட்சி, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ, நகர் ஊரமைப்பு இயக்ககம் ஆகிய எல்லாமே அதற்குக் கட்டுப்பட்டவை. அனுமதி கொடுத்ததையும் கேட்கலாம், மறுத்ததையும் கேட்கலாம், மனு மேல் உட்கார்ந்துகொண்டு எதுவும் செய்யாமல் இருப்பதையும் கேட்கலாம்.

தென்மாவட்டத்துக்காரர்கள் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. 2004 ஜூலை முதல் மதுரைக் கிளை செயல்படுகிறது.

2. அப்படியென்றால் நீதிபதி பிளானைப் பார்த்துக் கட்டலாம், கட்டக்கூடாது என்று சொல்லிவிடுவாரா?

பலர் ஏமாறும் இடம் இது. ரிட் மனுவை, அதாவது 226-ஆவது பிரிவின் கீழ் போடும் மனுவை, விசாரிக்கும் நீதிமன்றம் பிளான் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதில்லை. அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று பார்க்கிறது. முடிவெடுத்தவருக்கு அந்த அதிகாரம் உண்டா? விதியை மீறினாரா? கேட்க வேண்டியவர்களைக் கேட்டாரா? பார்க்க வேண்டியதைப் பார்த்தாரா, பார்க்கக் கூடாததைப் பார்த்தாரா? புத்தியுள்ள எவரும் எடுக்க முடியாத முடிவா? டாடா செல்லுலார் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் வகுத்துச் சொன்ன எல்லை ஏறக்குறைய இதுதான். அது டெண்டர் வழக்கு என்றாலும், நிர்வாக முடிவுகள் எல்லாவற்றிலும் இன்றுவரை அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்று கட்டுப்பாடு உண்டு. அங்கே 12 மீட்டருக்கு அனுமதி கொடுத்திருந்தால் நீதிமன்றம் தலையிட இடம் இருக்கிறது. அது எழுதி வைத்த எண். ‘இந்தக் கட்டடம் வந்தால் எங்கள் தெருவின் அமைதி போய்விடும்’ என்பது மட்டுமே உங்கள் வாதம் என்றால், அதை எடைபோடும் வேலை நகராட்சியுடையது, நீதிபதியுடையது அல்ல என்ற பதில்தான் வரும். மனுவை எழுத உட்காருவதற்கு முன் உங்கள் குறையை விதி மீறலாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

3. திட்ட அனுமதி, கட்டட அனுமதி என்று இரண்டு இருக்கிறதாமே? எதை எதிர்த்து வழக்குப் போடுவது?

திட்ட அனுமதி 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 49-ஆவது பிரிவின் கீழ் கொடுக்கப்படுவது. கட்டட அனுமதி உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் வருவது. நகரங்களுக்கு 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். அது 2023-இல்தான் நடைமுறைக்கு வந்தது. கிராமங்களுக்கு 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். சிறிய வீடுகளுக்குத் திட்ட அனுமதி கொடுக்கும் அதிகாரமும் உள்ளாட்சிகளிடமே ஒப்படைக்கப்பட்டிருப்பதால், பல இடங்களில் இரண்டும் ஒரே அலுவலகத்தில் இருந்து வந்து குழப்பத்தைக் கூட்டுகின்றன. செட்பேக் (மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி), உயரம், எப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற விகிதம்) போன்ற அளவுகள் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கின்றன.

கோளாறு எந்த ஆணையில் இருக்கிறதோ அந்த ஆணையை எண், தேதியோடு குறிப்பிட்டு எதிர்க்க வேண்டும். இரண்டு ஆணைகள் இருந்தால் இரண்டையும். ஒன்றை மட்டும் ரத்து செய்யக் கேட்டால், மற்றொன்றைக் காட்டி எதிர்த் தரப்பு நிற்கும்.

4. ‘பக்கத்து வீட்டுக்காரர் அவர் இடத்தில் கட்டுகிறார், உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது’ என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?

உடுப்பி என்று சொல்லுங்கள். அங்கே குடியிருப்புப் பகுதியாக வகைப்படுத்தப்பட்ட இடத்தில் ஒருவர் கல்யாண மண்டபமும் சொற்பொழிவுக் கூடமும் கட்ட அனுமதி வாங்கினார். பிறகு அதைச் சினிமாத் தியேட்டராக மாற்றிக்கொள்ள நகராட்சி அனுமதி கொடுத்தது. அந்தப் பகுதியில் குடியிருந்த ராமதாஸ் செணாய் வழக்குப் போட்டார். விதிமீறல்தான், ஆனாலும் கட்டியவர் நிறையப் பணம் போட்டுவிட்டார் என்று சொல்லி உயர் நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்யாமல் விட்டது.

உச்ச நீதிமன்றம் 1974-இல் அதை ஏற்கவில்லை. குடியிருப்புப் பகுதியில் சட்டவிரோதமாகத் தியேட்டர் வந்தால் அங்கே குடியிருப்பவர்கள் தங்கள் சொத்தை அனுபவிக்கும் உரிமை நேரடியாகப் பாதிக்கப்படுகிறது. திட்டத்தை நிறைவேற்றும் கடமை நகராட்சிக்கு இருக்கிறது. அதிகாரத்தை மீறிச் செய்ததை யாருடைய மௌனமும் சம்மதமும் சட்டபூர்வமாக்கிவிடாது என்று தீர்ப்பளித்தது. இன்றும் அக்கம்பக்கத்தார் போடும் வழக்குகளுக்கு அஸ்திவாரம் இந்தத் தீர்ப்புதான்.

இதை எல்லாருக்கும் கிடைத்த உரிமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்கு தெரு தள்ளி இருப்பவர், பழைய பகைக்காக வருபவர், போட்டிக் கடைக்காரர் என்றால் முதல் கேள்வியே ‘உங்களுக்கு இதில் என்ன பாதிப்பு?’ என்பதாக இருக்கும். காற்று, வெளிச்சம், பாதை, தீயணைப்பு வண்டி வரும் வழி என்று உங்கள் பாதிப்பைப் பிரமாணப் பத்திரத்தில் ஒரு பத்தியாவது தெளிவாகச் சொல்லுங்கள்.

5. அனுமதி கொடுத்ததே எனக்குத் தெரியாது. அந்தப் பிளானின் நகலை எப்படி வாங்குவது?

முதலில் கட்டும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். கட்டுமானம் நடக்கும் காலம் முழுக்க அனுமதி பெற்ற பிளானை அந்த இடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் ராஜேந்திர குமார் பர்ஜாத்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பிளான் இருந்தால் தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், அது இல்லாத இடத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய மனு. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘மூன்றாம் நபர் தகவல்’ என்று சொல்லித் தட்டிக்கழிப்பது வழக்கம். வீட்டின் உள் அறைகள் எனக்கு வேண்டாம், இடத்தின் வரைபடம், பரப்பு விவர அட்டவணை, அனுமதி ஆணையும் அதன் நிபந்தனைகளும், கள ஆய்வு அறிக்கை, கோப்புக் குறிப்புகள் ஆகியவை போதும் என்று எழுதினால் மறுக்க அவர்களுக்கு இடம் குறைந்துபோகிறது.

நகல் வந்ததும் முதலில் சாலை அகலத்தைப் பாருங்கள். எத்தனை உயரம், எத்தனை பரப்பு என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்துத்தான் தீர்மானமாகிறது. நான் பார்த்த ஒரு கோப்பில் பிளானில் வீட்டு முன்னால் 9 மீட்டர் சாலை என்று அழகாகக் கோடு போட்டிருந்தது. கள ஆய்வு அறிக்கையில் ‘சாலை அகலம்’ என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. கீழே கையெழுத்து மட்டும் இருந்தது. தெருவில் டேப் பிடித்தால் ஏழு மீட்டர்கூட வரவில்லை. பக்கம் பக்கமாக எழுதிய குற்றச்சாட்டுகளைவிட அந்த வெறும் கட்டம் அதிகம் பேசியது. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் முடிவெடுத்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

6. அனுமதியில் குறை இல்லை. ஆனால் இரண்டு மாடிக்கு வாங்கிவிட்டு நான்கு மாடி கட்டுகிறார். அதற்கும் ரிட் மனுதானா?

ரிட் மனுதான், ஆனால் கேட்கும் பரிகாரம் வேறு. இங்கே அனுமதியை ரத்து செய்யச் சொல்வதில் பயன் இல்லை. தன் கடமையைச் செய்யாத அதிகாரியைச் செய்ய வைக்க வேண்டும்; அதற்கு மாண்டமஸ் என்ற நீதிமன்றக் கட்டளை. நடந்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்த நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 57-ஆவது பிரிவும், கட்டி முடித்ததை அகற்ற 56-ஆவது பிரிவும் அதிகாரம் கொடுக்கின்றன.

இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, அவர் எதுவும் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். தொலைபேசியில் சொன்னது, நேரில் போய்ச் சண்டை போட்டது எல்லாம் கணக்கில் வராது. ஒப்புகையோடு விரைவுத் தபால், அல்லது அலுவலக முத்திரையோடு பெற்ற நகல் வேண்டும். புகாரில் கதவு எண், சர்வே எண், என்ன மீறல், எந்தப் பிரிவில் நடவடிக்கை வேண்டும் என்பதைக் குறிப்பிடுங்கள்.

அனுமதியும் குறை, கட்டுவதும் மீறல் என்றால் இரண்டு பரிகாரத்தையும் ஒரே மனுவில் கேட்கலாம். ஆணையை ரத்து செய்து அதோடு ஒரு கட்டளையும் பிறப்பிப்பதை நம் உயர் நீதிமன்றத்தில் ‘சர்ஷியோராரிஃபைடு மாண்டமஸ்’ என்பார்கள். மனுவின் முதல் பக்கத்தில் அந்த நீளமான பெயரைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

7. மேல்முறையீட்டுக்கு வழி இருக்கும்போது நேரே ரிட் போடக் கூடாது என்கிறார்களே?

பொதுவாக உண்மை. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 49-ஆவது பிரிவின் கீழ் எடுத்த முடிவால் பாதிக்கப்பட்டவர் 79-ஆவது பிரிவின்படி இரண்டு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். பூட்டி சீல் வைக்கும், இடிக்கும் நோட்டீஸ்களுக்கு எதிராக அரசிடம் போக 80-ஏ பிரிவு இருக்கிறது. இந்தக் கதவுகளைத் தட்டாமல் வந்தால், ‘முதலில் அங்கே போங்கள்’ என்று நீதிமன்றம் திருப்பி அனுப்புவது அன்றாடம் நடப்பது. அதற்குள் மேல்முறையீட்டுக் கெடுவும் முடிந்திருந்தால் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும்.

விதிவிலக்குகளை வேர்ல்பூல் வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம் தொகுத்துச் சொன்னது. அடிப்படை உரிமை பாதிக்கப்பட்டது, இயற்கை நீதி மீறப்பட்டது (உங்கள் தரப்பைக் கேட்காமலேயே முடிவெடுத்தது போல), ஆணை பிறப்பித்தவருக்கு அதிகாரமே இல்லை, சட்டமே செல்லாது என்று சொல்வது ஆகிய நிலைகளில் மாற்று வழி இருந்தாலும் ரிட் நிற்கும். உங்கள் வழக்கு இவற்றில் எதில் சேருகிறது என்பதை மனுவிலேயே சொல்லிவிடுங்கள். நீதிபதி கேட்ட பிறகு யோசிப்பது தாமதம்.

8. எத்தனை நாளுக்குள் வழக்குப் போட வேண்டும்?

ரிட் மனுவுக்குச் சட்டத்தில் குறித்த கெடு கிடையாது. இந்தப் பதிலைக் கேட்டதும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள், ஆகக் கூடாது. காலதாமதம் செய்தவருக்கு உதவ மறுக்கும் உரிமை நீதிமன்றத்துக்கு இருக்கிறது. அஸ்திவாரம் தோண்டும்போது வந்தவரையும் கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் வந்தவரையும் அது ஒன்றாகப் பார்க்காது.

உடுப்பி வழக்கில் பணம் செலவானதைப் பொருட்படுத்தவில்லையே என்று கேட்கலாம். அங்கே அனுமதியே சட்டத்துக்கு நேர் எதிரானது. உங்கள் வழக்கில் மீறல் ஓரடி செட்பேக் என்றால், தாமதம் உங்களைத்தான் முதலில் அடிக்கும். தெரியவந்த நாளில் இருந்து வாரக்கணக்கில் யோசியுங்கள், மாதக்கணக்கில் அல்ல. தகவல் உரிமை மனு போட்ட தேதி, புகார் கொடுத்த தேதி ஆகியவை நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

9. எனக்கே அனுமதி மறுத்துவிட்டார்கள். ‘விதிகளுக்கு உட்பட்டு இல்லை’ என்று ஒரே வரி. என்ன செய்வது?

இதுதான் வெல்வதற்குச் சுலபமான வகை. அனுமதியை மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்று 49-ஆவது பிரிவே சொல்கிறது. எந்த விதி, எந்த அளவு, எவ்வளவு குறைவு என்று சொல்லாத ஆணை நிற்பது கடினம்.

வழக்குப் போட்ட பிறகு அதிகாரிகள் பதில் மனுவில் பத்துக் காரணங்களை அடுக்குவார்கள். கவலைப்படாதீர்கள். ஓர் ஆணையின் தகுதியை அதில் எழுதியுள்ள காரணங்களை வைத்துத்தான் பார்க்க வேண்டும், பின்னால் பிரமாணப் பத்திரத்தில் சேர்க்கும் புதுக் காரணங்களை வைத்து அல்ல என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் எழுதினார்.

ஆனால் வென்றால் கிடைப்பது அனுமதி அல்ல. பழைய ஆணை ரத்தாகி, மறுபடியும் பரிசீலிக்கும்படி அதே அலுவலகத்துக்குக் கோப்பு திரும்பிப் போகும். 2-ஆம் கேள்வியில் சொன்ன அதே காரணம். உண்மையிலேயே பிளானில் குறை இருந்தால், வழக்கு நடக்கும் காலத்திலேயே அதைத் திருத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

10. முறையாகக் கொடுத்த அனுமதியைக் கவுன்சிலரின் நெருக்கடியால் ரத்து செய்துவிட்டார்கள். அப்படிச் செய்யலாமா?

இதற்கும் ஒரு தியேட்டர் வழக்கு இருக்கிறது. 1947-இல் அந்தேரியில் சினிமாத் தியேட்டர் கட்ட கோர்தன்தாஸ் பான்ஜி என்பவருக்குப் பம்பாய் போலீஸ் கமிஷனர் அனுமதி கொடுத்தார். இரண்டே மாதத்தில், அரசின் உத்தரவுப்படி அனுமதி ரத்து செய்யப்படுகிறது என்று கடிதம் அனுப்பினார். சட்டம் அந்த அதிகாரத்தைக் கமிஷனருக்குத்தான் கொடுத்திருக்கிறது. அவர் தன் புத்தியைப் பயன்படுத்தி முடிவெடுக்காமல் மேலிடத்தின் முடிவைக் கடத்திவிட்டதால் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

நம் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் அனுமதியைத் திரும்பப் பெற 54-ஆவது பிரிவு இருக்கிறது. உங்கள் தரப்பைக் கேட்காமல் அதைப் பயன்படுத்த முடியாது. நோட்டீஸ் இல்லாமல் ரத்து செய்திருந்தால் அந்த ஒரு வாதமே போதும். கவுன்சிலர் நெருக்கடி கொடுத்தார் என்பதை நிரூபிப்பது கடினம். கோப்புக் குறிப்பில் அவர் பெயர் இருந்தால் மட்டும் அதை எடுத்துப் பேசுங்கள். ஊகத்தில் பெயரைச் சேர்த்தால் அவரும் எதிர்மனுதாரர் ஆவார், உங்கள் பலமான வாதம் பின்னுக்குப் போய்விடும்.

11. வழக்குப் போட்டதும் ஸ்டே கிடைத்துவிடுமா?

தானாகக் கிடைக்காது. மேலோட்டமாகப் பார்த்தாலே மீறல் தெரிகிறதா, தடை கொடுக்காவிட்டால் பிறகு சரிசெய்ய முடியாத நஷ்டம் வருமா, தடையால் யாருக்கு அதிகக் கஷ்டம் என்று பார்ப்பார்கள். கட்டுபவரை எதிர்மனுதாரராகச் சேர்க்காமல் அவருக்கு எதிராகத் தடை கேட்கவே கூடாது. அவரைச் சேர்க்காத மனு அந்தக் குறைக்காகவே விழும்.

பல நேரங்களில் முழுத் தடைக்குப் பதிலாக, இப்போதுள்ள நிலை தொடர வேண்டும் என்றோ, இனிமேல் கட்டுவது தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது என்றோ உத்தரவு வரும். இரண்டாவதைக் குறைவாக மதிப்பிடாதீர்கள். பின்னால் ‘இவ்வளவு செலவு செய்துவிட்டேனே’ என்று அவர் சொல்வதற்கு அது பதில்.

12. நான் மூன்றடி என்கிறேன், அவர் ஐந்தடி என்கிறார். கோர்ட்டே வந்து அளக்குமா?

சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரித்துத் தீர்க்க வேண்டிய தகராறுகளை ரிட் நீதிமன்றம் தொடுவதில்லை. ஆனால் அளவுத் தகராறு என்று சொன்னதுமே வழக்கு முடிந்துவிடாது. இடத்தைப் பார்த்து அறிக்கை தர ஒரு வழக்கறிஞரை ஆணையராக நியமித்து அனுப்பலாம். இரு தரப்பையும் வைத்துக்கொண்டு ஆய்வு செய்து அறிக்கை தரும்படி அதிகாரிகளுக்கு உத்தரவிடலாம். அளக்கும் நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். எங்கிருந்து எங்கே டேப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். சுவரின் பூச்சில் இருந்தா, எல்லைக் கல்லில் இருந்தா என்பதிலேயே அரையடி வித்தியாசம் வந்துவிடும்.

அந்த இடமே யாருடையது என்பது தகராறு என்றால் ரிட் வேலைக்கு ஆகாது. கட்டட அனுமதி யாருக்கும் பட்டா கொடுப்பதில்லை, யாருடைய உரிமையையும் பறிப்பதும் இல்லை. அதற்கு உரிமையியல் நீதிமன்றம்தான்.

13. ‘மனுதாரரின் புகாரைப் பரிசீலித்து எட்டு வாரத்தில் சட்டப்படி முடிவெடுக்க வேண்டும்’ என்று உத்தரவு வந்திருக்கிறது. நான் ஜெயித்துவிட்டேனா?

இன்னும் இல்லை. இதுதான் மிக அதிகமாக வரும் உத்தரவு, மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. உங்கள் புகார் உண்மை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருக்காதே என்று அதிகாரியிடம் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். எட்டு வாரம் கழித்து ‘மீறல் எதுவும் இல்லை’ என்று ஒரு கடிதம் வந்தாலும் உத்தரவை நிறைவேற்றியதாகவே ஆகும்.

ஆகவே உத்தரவு நகல் கையில் வந்த அன்றே உங்கள் வேலை தொடங்குகிறது. நகலோடு பழைய புகாரையும், 5-ஆம் கேள்வியில் சொன்ன ஆவணங்களையும், அளவு காட்டும் படங்களையும் சேர்த்துப் புதிதாக ஒரு மனு கொடுங்கள். நேரில் விசாரிக்கும்படி கேளுங்கள். விசாரணைக்குப் போனால் சொன்னதை எழுத்திலும் கொடுத்துவிட்டு வாருங்கள். பிறகு அவர் எதிராக முடிவெடுத்தால், அந்த ஆணை உங்கள் ஆவணங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 9-ஆம் கேள்வியில் பார்த்த குறை அதில் வந்துவிடும், அடுத்த ரிட் முன்னதைவிடப் பலமாக இருக்கும்.

கெடு முடிந்தும் எந்தப் பதிலும் இல்லையென்றால் நீதிமன்ற அவமதிப்பு மனு போடலாம். அதற்கு ஓராண்டுக் காலவரம்பு உண்டு. அந்த மனுவுக்கு நோட்டீஸ் போனதும் கோப்பு நகரத் தொடங்குவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அது வருத்தத்துக்குரிய உண்மை; ஒரு குடிமகன் தன் புகாருக்குப் பதில் வாங்க இரண்டு முறை ஐகோர்ட் படியேற வேண்டியிருப்பது சரியில்லை.

14. அனுமதி இருக்கிறது என்று நம்பி ஃபிளாட் வாங்கினேன். பின்னால் அந்த அனுமதியே செல்லாது என்றால் என் கதி என்ன?

கொச்சி மரடுவில் நடந்ததைப் பாருங்கள். கடலோர ஒழுங்குமுறை விதிகளுக்கு மாறாக ஊராட்சி 2006-இல் அனுமதி கொடுத்தது. மறு ஆண்டே ஊராட்சி விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப, கட்டுநர்கள் உயர் நீதிமன்றத்தில் அதை ரத்து செய்ய வைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2019 மே மாதம் இடிக்க உத்தரவானது. 2020 ஜனவரியில் நான்கு அடுக்குமாடிகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. வாங்கியவர்களுக்கு இடைக்கால இழப்பீடாக ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வீடு போனது போனதுதான். நொய்டாவின் இரட்டைக் கோபுரங்களும் அனுமதியோடு கட்டியவையே. அந்த அனுமதி விதிமீறி வழங்கப்பட்டது என்று 2021-இல் தீர்ப்பாகி, 2022 ஆகஸ்டில் தரைமட்டமாயின.

அனுமதிக் காகிதம் உங்களுக்கு முழுக் கவசம் அல்ல. வாங்குவதற்கு முன் 5-ஆம் கேள்வியில் சொன்ன ஆவணங்களை வாங்கிப் பாருங்கள். வழக்கு ஏற்கெனவே நடக்கிறது என்று தெரிந்தால் அதில் உங்களையும் சேர்த்துக்கொள்ள மனு போடுங்கள். உங்கள் காதுக்கு எட்டாமலேயே உங்கள் வீட்டைப் பற்றிய தீர்ப்பு வந்துவிடக் கூடாது.

15. விதிமீறிய கட்டடத்தை வரன்முறைப்படுத்த, அதாவது சட்டபூர்வமாக்க, கேட்டு விண்ணப்பித்துவிட்டால் நடவடிக்கை நின்றுவிடுமா?

கட்டியவர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஏ பிரிவு 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டியவற்றுக்காகக் கொண்டுவரப்பட்டது. பிறகு கெடு தள்ளிக்கொண்டே போனது. ஒருமுறை கொடுத்த சலுகை செல்லும், அடுத்தடுத்து நீட்டியது செல்லாது என்று கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. அதன்பின் வந்த 113-சி, 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கானது.

நேற்றுக் கட்டியதற்கு இவை எதுவும் பொருந்தாது. விண்ணப்ப எண்ணைக் காட்டி அதிகாரி சும்மா இருந்தால், கட்டடம் எந்த ஆண்டில் வந்தது என்பதை மின் இணைப்புத் தேதி, சொத்துவரி ரசீது, பழைய செயற்கைக்கோள் படம் ஆகியவற்றால் காட்டுங்கள்.

16. இதைப் பொதுநல வழக்காகப் போட்டால் பலமாக இருக்குமா?

உங்கள் சுவரை ஒட்டிய கட்டடம் என்றால் வேண்டாம். உங்கள் பெயரில் சாதாரண ரிட்டாகப் போடுங்கள். பாதிப்பு இருப்பதுதான் உங்கள் பலம். சொந்தத் தகராறைப் பொதுநலம் என்று போர்த்திக் கொண்டுவந்தால் அபராதத்தோடு தள்ளுபடி ஆகலாம்.

ஏரிப் புறம்போக்கு, பூங்காவுக்கு ஒதுக்கிய திறந்தவெளி, தீயணைப்பு வசதியில்லாத வணிக வளாகங்கள் என்றால் நிலைமை வேறு. தியாகராய நகரின் விதிமீறிய கடைகளைப் பற்றி டிராஃபிக் ராமசாமி வருடக்கணக்கில் நடத்திய வழக்குகள் தமிழ்நாடு அறிந்தவை.

17. செலவு எவ்வளவு ஆகும்?

நீதிமன்றக் கட்டணம் சிறிய தொகைதான்; செலவு வழக்கறிஞர் கட்டணத்திலும் நகல் எடுப்பதிலும் இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. உயர் நீதிமன்றத்தின் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். தகுதியுள்ள பலர் கேட்காமலேயே இருந்துவிடுகிறார்கள்.

18. தனி நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார். அவ்வளவுதானா?

30 நாளுக்குள் இரு நீதிபதிகள் அமர்வில் ரிட் மேல்முறையீடு செய்யலாம். அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம். ஆனால் தள்ளுபடி ஆனது எதனால் என்று முதலில் படியுங்கள். மாற்று வழி இருக்கிறது என்பதற்காக என்றால், அந்த வழியில் போவதே செலவும் நேரமும் மிச்சம்.

19. சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி எடுத்திருக்கிறார். எந்த அதிகாரியும் வந்து பார்க்கவில்லை. இதில் யாருடைய முடிவை எதிர்ப்பது?

2024 ஜூலையில் வந்த முறை இது. 2,500 சதுர அடிக்குள் இருக்கும் மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்ட, விண்ணப்பிப்பவர் தரும் உறுதிமொழியை நம்பி உடனடியாக அனுமதி கிடைக்கிறது. நேர்மையாகக் கட்டுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி, அலுவலகப் படியேறும் அலைச்சலும் மிச்சம். அதிகாரி ஆராய்ந்து முடிவெடுக்கவில்லை என்பதால், 2-ஆம் கேள்வியில் சொன்ன ‘முடிவெடுத்த விதம்’ என்ற வாதத்துக்கு இங்கே பிடிமானம் குறைவு.

பிடிக்க வேண்டியது உறுதிமொழியை. சாலை அகலம், மனை அளவு, செட்பேக் ஆகியவற்றில் அவர் சொன்னது எது பொய் என்று ஆவணத்தோடு உள்ளாட்சி ஆணையருக்குப் புகார் கொடுத்து, அனுமதியை ரத்து செய்யும்படி கேளுங்கள். பொய்த் தகவலில் பெற்ற அனுமதி அவரைக் காப்பாற்றாது. ஆணையர் அசையாவிட்டால் 6-ஆம் கேள்வியில் சொன்ன மாண்டமஸ் இருக்கிறது. நடவடிக்கை எடுக்கும்போது கட்டியவருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும். இடிக்கும் நடவடிக்கைக்குக் குறைந்தது 15 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லியிருக்கிறது. சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களை ஆக்கிரமித்தவற்றுக்கும், நீதிமன்றமே இடிக்க உத்தரவிட்டவற்றுக்கும் அந்த அவகாசம் பொருந்தாது. அவசரப்பட்டு நோட்டீஸ் இல்லாமல் நடவடிக்கை எடுக்கும்படி அதிகாரியை நெருக்காதீர்கள். அந்தக் குறையை வைத்தே எதிர்த் தரப்பு ஐகோர்ட்டுக்கு வந்து தடை வாங்கிவிடும்.